கடைசி வரியில் நிற்கும் கைகள்: பார்வை ஆராய்ச்சியும் பொது ஆய்வுக்கூடங்களும்

முன்னுரை

கண்ணைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில், முடிவுரைக்கும் நூற்பட்டியலுக்கும் இடையே, நன்றியுரை என்னும் சிறு பத்தி ஒன்று இடம்பெறுவது வழக்கம். ஆய்வுக்கு உதவிய நல்கைகளின் எண்கள் அப்பத்தியில் வரிசையாகக் குறிக்கப்படும். பல கட்டுரைகளில் அவ்வரிசையின் ஓரத்தில் 'பி30 இஒய்' என்று தொடங்கும் எண் ஒன்றும் நிற்கும். 'இஒய்' என்பது அந்நாட்டுத் தேசியக் கண் நிறுவனத்தைச் சுட்டும் குறி. 'பி30' என்பது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது ஆய்வுக்கூடங்களுக்காக வழங்கப்படும் மைய நல்கையைச் சுட்டும் குறி. கட்டுரையைப் படிப்பவர் இந்த எண்ணில் கண்ணை நிறுத்துவதில்லை என்றாலும், கட்டுரையில் அச்சாகியுள்ள படத்துக்கான திசுவைச் சீவிய கையும், அளவீட்டுக் கருவிக்கான தாங்கியைக் கடைந்த கையும், எண்களைச் சரிபார்த்த கையும் அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் அடங்கியுள்ளன.

பொது ஆய்வுக்கூடம் என்றவுடன் விலையுயர்ந்த ஒரு கருவியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிக்கன ஏற்பாடு என்ற எண்ணமே முதலில் எழுகிறது. அந்த எண்ணம் பிழையானதன்று. ஆனால், அது பாதி உண்மையே. கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிட முடியும். அக்கருவியிலிருந்து நம்பத்தக்க முடிவைப் பெறும் கைத்திறன் பத்து, இருபது ஆண்டுப் பழக்கத்தில் மட்டுமே விளைகிறது. தனி ஆய்வாளர் ஒருவரின் நல்கை முடியும்போது கலைந்துபோகாதபடி அக்கைத்திறனை ஓரிடத்தில் நிலைநிறுத்தி வைப்பதே பொது ஆய்வுக்கூடத்தின் தலையாய பணி என்பதும், கண் ஆராய்ச்சியின் இயல்பு இப்பணியைப் பிற துறைகளைவிடக் கூடுதலாக வேண்டி நிற்கிறது என்பதும் இச்சொற்பொழிவில் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

நல்கையின் தோற்றமும் நோக்கமும்

அமெரிக்க அரசு கண் நோய்களுக்கென்று தனி ஆராய்ச்சி நிறுவனம் எதையும் 1968 வரை கொண்டிருக்கவில்லை. 1950இல் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனம் நரம்பு நோய்களையும் பார்வையிழப்பையும் சேர்த்தே கவனித்துவந்தது. கண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் பயனாக, 1968 ஆகஸ்ட் 16 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தின்வழித் தேசியக் கண் நிறுவனம், தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் எனப்படும் பெருங்குடும்பத்தின் தனி உறுப்பாக உருவாயிற்று.

இந்நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கும் பணத்தின் பெரும்பகுதி 'ஆர்01' எனப்படும் தனித்திட்ட நல்கையாகச் செல்கிறது. ஆய்வாளர் ஒருவர் ஒரு வினாவை முன்வைத்து விண்ணப்பிக்கிறார். அத்துறை அறிஞர்கள் அதனை மதிப்பிடுகின்றனர். தேர்வு பெற்றால் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குப் பணம் கிடைக்கிறது. புதிய வினாக்களை வளர்ப்பதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஆயினும், அதில் ஓர் இடைவெளி உண்டு. ஓர் ஆய்வாளருக்கு வாரத்தில் அரை நாள் மட்டும் ஒரு திசுவியல் வல்லுநர் தேவைப்படலாம். ஆண்டில் மூன்று முறை மட்டும் ஓர் இயந்திரத் தொழிலாளர் தேவைப்படலாம். ஆய்வைத் திட்டமிடும்போதும் முடிக்கும்போதும் மட்டும் ஒரு புள்ளியியலார் தேவைப்படலாம். அரை நாள் தேவைக்காக ஒருவரை முழுநேரப் பணியில் அமர்த்தத் தனித்திட்ட நல்கை இடம் தராது. அரை நாளுக்கு மட்டும் வந்துபோகத் தேர்ந்த வல்லுநரும் கிடைக்கமாட்டார்.

இவ்விடைவெளியை நிரப்புவதற்காகவே மைய நல்கை அமைந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் தேசியக் கண் நிறுவனத்தின் தனித்திட்ட நல்கை பெற்ற ஆய்வாளர் போதிய எண்ணிக்கையில் இருப்பின், அவர்கள் ஒன்றுகூடி இந்நல்கைக்கு விண்ணப்பிக்கலாம். இப்பணம் எந்தத் தனி ஆய்வுக்கும் செலவிடப்படுவதில்லை. எல்லா ஆய்வுகளுக்கும் அடித்தளமாக நிற்கும் பணியாளர்களுக்கும் கருவிகளுக்கும் அவற்றின் பராமரிப்புக்கும் செலவிடப்படுகிறது. வசதிகள் 'அலகு'களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பொறுப்பாளர் அமர்த்தப்படுகிறார். திசுவியல், நுண்ணோக்கிப் படமெடுப்பு, இயந்திர–மின்னணுப் பட்டறை, கணினி நிரலாக்கம், உயிரிப் புள்ளியியல், விலங்கு வளர்ப்பும் மரபணுச் சோதனையும் ஆகியவை பல இடங்களில் காணப்படும் அலகுகள். ஆய்வாளர்களிடையே கூட்டு முயற்சியை வளர்ப்பதும், பிற துறை அறிஞர்களைக் கண் ஆராய்ச்சியின்பால் ஈர்ப்பதும் இந்நல்கையின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் அடங்கும்.

பல தொழில்கள் கூடும் உறுப்பு

மனிதக் கண்ணின் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அதன் உட்சுவரில் படிந்துள்ள விழித்திரையின் தடிமன் பல இடங்களில் கால் மில்லிமீட்டர் அளவே. அந்த மெல்லிய ஏட்டுக்குள் மங்கிய ஒளியில் காண உதவும் கோல் செல்கள் சுமார் 12 கோடியும், நிறத்தையும் நுணுக்கத்தையும் காண உதவும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சமும் அமைந்துள்ளன. இவற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பிலோ இழைகள் 10 லட்சத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே, செய்தியைச் சுருக்கித் தொகுக்கும் வேலை விழித்திரைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மூளையின் பகுதியாகவே கருவளர்ச்சியில் தோன்றும் விழித்திரை, உடலைத் திறக்காமல் வெளியிலிருந்து ஒளியைக் கொண்டே பார்க்கக்கூடிய நரம்புத் திசுவாக இருப்பது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெரும்பேறு.

இவ்வமைப்பின் காரணமாக, கண்ணை ஆராய முனைபவர் ஒரே துறைக்குள் நின்றுவிட இயலுவதில்லை. விழிவில்லையின் ஒளிவிலகலை அறிய இயற்பியலும், ஒளி உணர் செல்லின் வேதிமாற்றத்தை அறிய உயிர்வேதியியலும், காணும் அனுபவத்தை அளக்க உளவியலும், நோயைத் தீர்க்க மருத்துவமும் வேண்டப்படுகின்றன. இத்துறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவியும் தனித்தனிக் கைப்பழக்கமும் உண்டு. அனைத்தையும் தம் அறைக்குள் வைத்துக்கொள்ள எந்த ஆய்வாளராலும் முடியாது. எதையும் விட்டுவிடவும் முடியாது. பிற துறைகளில் வசதியாக இருக்கும் பொது ஆய்வுக்கூடம் கண் ஆராய்ச்சியில் தேவையாகவே ஆகிவிடுவது இதனால்தான்.

திசுவியல் அலகு: கத்தி முனையில் தெரியும் திறன்

கைத்திறன் என்று சொல்லப்படுவது எது என்பதைத் திசுவியல் அலகில் மிக அருகிலிருந்து காணலாம். ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் சுண்டெலியின் கண் சுமார் 3 மில்லிமீட்டர் குறுக்களவுடைய உருண்டை. மிளகைவிடக் கொஞ்சம் குறைவான அளவு. அதனை வெளியே எடுத்தவுடன் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பது மறைந்துவிடும். ஒளியால் விளையும் கேடு விழித்திரையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் வேறுவேறு அளவில் தாக்கக்கூடும் என்பதால், எடுப்பதற்கு முன்பே கண்ணின் உச்சியில் சிறு சூட்டுப்புள்ளியோ சாயப்புள்ளியோ இட்டுவைப்பது வழக்கம். பின்னர் திசு அழுகாமல் இறுகுவதற்காகப் பதப்படுத்தும் நீர்மத்தில் கண் இடப்படுகிறது. நீர்மம் உள்ளே ஊடுருவுவதற்காகக் கருவிழிப் படலத்தில் ஒரு துளையிட நேர்ந்தால், அத்துளையை இடும்போது காட்டும் அழுத்தம் சற்றே மிகுந்தாலும் உள்ளிருக்கும் விழித்திரை கசங்கிவிடும்.

இதற்கடுத்த நிலையில் விழிவில்லை இடர் தருகிறது. எலியின் கண்ணுக்குள் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் வில்லை, பதப்படுத்தும்போது கல்போல இறுகிவிடுகிறது. பாரஃபின் மெழுகில் பதித்த கண்ணை மைக்ரோடோம் என்னும் சீவு கருவியில் பொருத்தி, 5 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவும்போது, கத்தி மெல்லிய விழித்திரையை வழுவழுப்பாகக் கடந்து வில்லையைத் தொட்டவுடன் அதிர்கிறது. வில்லை நொறுங்கித் தெறித்து விழித்திரையையும் கிழித்துவிடுகிறது. பழகிய கை கத்தியின் ஒலியிலேயே இதனை உணர்ந்து, மெழுகுக் கட்டியைக் குளிரவைத்தோ, ஈரப்படுத்தியோ, சீவும் வேகத்தைக் குறைத்தோ சமாளித்துக்கொள்கிறது. சீவிய ஏடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நாடாவாக வருகின்றன. அந்நாடாவை வெதுவெதுப்பான நீரின்மேல் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீங்கியபின், கண்ணாடிச் சில்லால் ஏந்தி எடுக்கின்றனர்.

எந்த ஏட்டை ஏந்துவது என்பதிலும் அறிவு தேவை. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தின் ஊடாகச் செல்லும் ஏடே ஒப்பீட்டுக்கு உகந்தது. அங்கிருந்து குறிப்பிட்ட தொலைவுகளில் ஒளி உணர் செல்களின் உட்கருக்கள் எத்தனை வரிசையாக அடுக்கியுள்ளன என்று எண்ணுவது விழித்திரைச் சிதைவை அளக்கும் நிலையான முறை. நலமுள்ள எலியில் இவ்வடுக்கு ஏறத்தாழ 10 வரிசை கொண்டது. சீவும் தளம் சாய்ந்துவிட்டால் வரிசைகள் கூடியதுபோலத் தோன்றும். சிதைந்த விழித்திரை நலமானதாகக் கணக்கில் ஏறிவிடும். பதப்படுத்தலில் நேரும் சுருக்கத்தால் விழித்திரை தன் அடிப்படலத்தைவிட்டு விலகுவதும் உண்டு. அதனை நோயின் விளைவு என்று புதியவர் பதிவு செய்துவிடக்கூடும். ஆயிரக்கணக்கான கண்களைச் சீவிப் பார்த்த ஒருவர் அருகில் நின்று, 'இது நோயன்று, நீர்மத்தின் வேலை' என்று ஒரு சொல் சொன்னால் ஓராண்டு உழைப்பு வீணாகாமல் காக்கப்படுகிறது. அந்த ஒரு சொல்லை எந்தக் கருவியோடும் சேர்த்து விலைக்கு வாங்க இயலாது.

ராச்செஸ்டர்: வானியலிலிருந்து விழித்திரைக்கு

நியூயார்க் மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரம் ஒளியியலின் ஊர். கோடாக் நிறுவனமும் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனமும் அங்கே வளர்ந்தவை. அவற்றின் ஆதரவோடு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1929இல் ஒளியியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதே பல்கலைக்கழகத்தில் 1963இல் அமைந்த காட்சி அறிவியல் மையம், தேசியக் கண் நிறுவனத்தின் மைய நல்கையைப் பல பத்தாண்டுகளாகப் பெற்றுவரும் இடங்களுள் ஒன்று. உளவியலாரும் ஒளியியல் பொறியாளரும் கண் மருத்துவரும் நரம்பியலாரும் ஒரே மையத்தின் உறுப்பினராக இருந்தது அங்கே பெரும்பயன் விளைத்தது.

விண்மீனை நோக்கும் தொலைநோக்கியில் காற்று மண்டலத்தின் கொந்தளிப்பு படத்தைக் கலைத்துவிடும். தன் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ளும் ஆடியொன்றால் இக்கலக்கத்தைத் திருத்தலாம் என்று வானியலார் ஹோரஸ் பாப்காக் 1953இல் முன்மொழிந்தார். தகவமை ஒளியியல் எனப்படும் இம்முறை கண்ணுக்கும் பொருந்தும். கருவிழிப் படலமும் விழிவில்லையும் முற்றும் சீரானவையல்ல. அவற்றின் நுண்ணிய கோணல்கள் உள்ளிருந்து வெளிவரும் ஒளியைச் சிதைப்பதால், உயிருள்ள மனிதரின் விழித்திரைச் செல்களைத் தனித்தனியே காண இயலாதிருந்தது. ஜுன்ஷோங் லியாங், டேவிட் வில்லியம்ஸ், டொனால்டு மில்லர் ஆகியோர் 37 உந்திகளால் வளைக்கப்படும் ஆடியைக் கொண்டு இச்சிதைவைத் திருத்தி, 1997இல் உயிருள்ள கண்ணின் கூம்புச் செல்களைத் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டினர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1999இல், ஆஸ்டின் ரூர்டாவும் வில்லியம்ஸும் நெட்டலை, நடு அலை, குற்றலை ஒளிகளுக்கு உணர்வுடைய மூவகைக் கூம்புகளும் மனித விழித்திரையில் எவ்வாறு விரவிக் கிடக்கின்றன என்பதன் வரைபடத்தை வெளியிட்டனர். அதில் வெளிப்பட்ட செய்தி வியப்புக்குரியது. ஆராயப்பட்ட இருவரும் இயல்பான நிறப்பார்வை உடையவர்கள். ஆனால், ஒருவரிடம் நெட்டலைக் கூம்புகள் நடு அலைக் கூம்புகளைவிட ஏறத்தாழ 4 மடங்காக இருந்தன. மற்றவரிடம் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. விழித்திரையின் கட்டமைப்பு இவ்வளவு வேறுபட்டிருந்தும் இருவரும் மஞ்சளை மஞ்சளாகவே காண்கின்றனர் என்றால், வேறுபாட்டை ஈடுசெய்யும் வேலையை நரம்பு மண்டலம் செய்தாக வேண்டும். நிறத்தைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மை வானியலின் கருவியும் உளவியலின் வினாவும் ஒரே கூரையின்கீழ் சந்தித்ததால் வெளிப்பட்டது.

பட்டறையும் நிரலும்

இத்தகைய படங்களை எடுப்பதற்கு ஆடியும் லேசரும் மட்டும் போதுவதில்லை. பார்வையின் நடுப்புள்ளியில் ஒரு கூம்புச் செல்லின் அகலம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். தலை சற்று அசைந்தாலும் படம் குலைந்துவிடும். அதற்கென்று பயன்படும் பொருள் மிக எளியது. பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும் குழம்பை ஓர் உலோகத் தகட்டின்மேல் பூசி, சோதனைக்கு வருபவர் அதனைக் கடித்துத் தம் பற்களின் அச்சைப் பதிக்கிறார். அது இறுகியபின், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திருகாணிகளால் நகர்த்தக்கூடிய தாங்கியில் அத்தகடு பொருத்தப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித் தகடு. ஒவ்வொரு முறையும் அதே அச்சைக் கடித்துக்கொண்டு அமரும்போது தலை பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. இத்தாங்கியை எந்தக் கடையிலும் வாங்கிவிட முடியாது. ஆய்வாளர் தாளில் கிறுக்கிக் கொடுத்த கோட்டோவியத்தைப் பார்த்து, லேத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் கடைந்து, பொருத்திப் பார்த்து, மறுபடியும் திருத்தித் தரும் பட்டறைக்காரரே அதனை உருவாக்குகிறார். வேண்டிய அளவைச் சொல்லத் தெரியாத ஆய்வாளரிடமும் கேள்வி கேட்டே அளவை வாங்கிவிடும் திறமை அவருக்கு உண்டு.

கண் ஆராய்ச்சியின் வரலாற்றில் பட்டறைக்கு என்றும் உயர்ந்த இடமுண்டு. பார்வையை மூளை எவ்வாறு கூறுபடுத்தி அறிகிறது என்பதைக் கண்டமைக்காக 1981இல் டார்ஸ்டென் வீசலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்த டேவிட் ஹியூபல், அவ்வாய்வுக்கு அடிப்படையான டங்ஸ்டன் நுண்மின்முனையை 1950களில் தாமே உருவாக்கினார். அன்று ஓர் அறிஞர் தம் கையாலேயே செய்துகொண்ட வேலையை, கருவிகள் பெருகிச் சிக்கலாகிவிட்ட இன்றைய நிலையில், தனியொரு அலகு பலருக்காகச் செய்து தருகிறது.

கணினி நிரலும் இன்று பட்டறைப் பொருளே. திரையில் ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டி 'தெரிகிறதா' என்று கேட்கும் எளிய சோதனையிலும், கணினிக்குக் கொடுக்கும் எண்ணை இருமடங்காக்கினால் திரையின் வெளிச்சம் இருமடங்காவதில்லை என்ற சிக்கல் உண்டு. ஒளிமானியால் ஒவ்வொரு படியையும் அளந்து அட்டவணைப்படுத்திய பிறகே அத்திரையை நம்பலாம். இத்தகைய பணிகளுக்கான பொது நிரல் தொகுதியாக டேவிட் பிரெய்னார்டு 1997இல் அறிமுகப்படுத்திய 'சைக்டூல்பாக்ஸ்', டெனிஸ் பெல்லியின் முந்தைய நிரல்களைத் தழுவி வளர்ந்து, இலவசமாக உலகெங்கும் பரவியது. ஒருவர் ஒருமுறை சரியாகச் செய்ததைப் பிறர் மறுபடி செய்ய வேண்டாம் என்பதே பொது வசதியின் சாரம்; அந்தச் சாரம் இங்கே பல்கலைக்கழகச் சுவர்களையும் தாண்டிவிட்டது.

எண்ணிக்கையின் அறம்

உயிரிப் புள்ளியியல் அலகின் தேவையைக் கண் ஆராய்ச்சி தனக்கே உரிய முறையில் உணர்த்துகிறது. மனிதருக்குக் கண்கள் இரண்டு. 50 நோயாளிகளின் 100 கண்களை அளந்த ஆய்வாளர், தம்மிடம் 100 தனிச் சான்றுகள் உள்ளன என்று கருதிவிடுவது இயல்பு. ஆனால், ஒருவரின் வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒரே வயதும் ஒரே மரபும் ஒரே உணவும் உடையவை. ஒரு கண்ணின் நிலையை அறிந்தாலே மறு கண்ணின் நிலையைப் பெருமளவு ஊகிக்கலாம். அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால், ஆய்வு உண்மையில் பெறாத உறுதியைப் பெற்றதாகக் காட்டிக்கொள்ளும். 'எண்ண வேண்டியது கண்களையா, ஆட்களையா' என்ற பொருள்படும் வினாவைத் தலைப்பாக்கி ஃபிரெட் எடெரர் 1973இல் எழுதிய குறிப்பு, துறை முழுவதையும் இதுகுறித்துச் சிந்திக்க வைத்தது. அதேவேளையில், ஒரு கண்ணுக்கு மருந்தும் மறு கண்ணுக்கு மருந்தின்மையும் என்று அமைக்கும் ஆய்வில் இவ்வொற்றுமையே பெருந்துணையாகிறது. எங்கே அது இடர், எங்கே அது துணை என்பதைத் தரவு சேர்ந்தபின் ஆராய்வதில் பயனில்லை. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே புள்ளியியலாருடன் அமர்ந்து பேசியாக வேண்டும். அதற்கு அவர் அழைத்தால் வரும் தொலைவில் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழகத்துக்கும் தேசியக் கண் நிறுவனத்துக்கும் உள்ள நேரடித் தொடர்பொன்று குறிப்பிடத்தக்கது. வயல் வேலையின்போது நெல்லுமியோ இலைநுனியோ பட்டுக் கருவிழிப் படலத்தில் ஏற்படும் சிறு கீறல், பூஞ்சைத் தொற்றால் புண்ணாகிப் பார்வையைப் பறிப்பது தென்னிந்தியாவில் உழவரையும் கூலித் தொழிலாளரையும் நெடுங்காலமாக வாட்டும் துன்பம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்திலுள்ள பிராக்டர் அறக்கட்டளையும், 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இணைந்து, தேசியக் கண் நிறுவனத்தின் நிதியுதவியோடு கருவிழிப் புண்ணைப் பற்றிப் பெரிய ஆய்வுகளை நடத்தின. பாக்டீரியாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சேர்ப்பது பயன் தருமா என்று 500 நோயாளிகளிடம் ஆராய்ந்த முடிவு 2012இல் வெளிவந்தது. மொத்தத்தில் பார்வையில் கூடுதல் நன்மை காணப்படவில்லை. பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின், வோரிகோனசோல் ஆகிய இரு சொட்டு மருந்துகளை 323 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. பழைய மருந்தான நாட்டமைசினே மேலானது என்பது, குறிப்பாக ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை வகையில், தெளிவாயிற்று. மதுரையில் ஓர் உழவரின் கண்ணில் எந்தச் சொட்டு மருந்தை இடுவது என்ற கேள்விக்கு விடை தந்தது நோயாளியின் பொறுமையும் மருத்துவரின் கவனமும் மட்டுமன்று. யாருக்கு எந்த மருந்து என்பதைச் சார்பின்றிப் பகிர்ந்து, அளவீடுகளைச் சரிபார்த்து, ஆய்வைக் கட்டிக்காத்த புள்ளியியல் ஒழுங்கும் அதில் பங்குகொண்டது.

விலங்கும் மரபணுவும்

மரபணுச் சோதனை அலகின் பயனை உணர்த்த ஒரு செய்தி போதும். ஒரு மரபணுவை நீக்கி உருவாக்கிய எலியின் விழித்திரையில் மடிப்புகளும் வெண்புள்ளிகளும் தோன்றினால், அவை நீக்கப்பட்ட மரபணுவின் விளைவு என்றே ஆய்வாளர் எண்ணுவார். ஆனால், உலகெங்கும் மரபணு மாற்ற ஆய்வுகளில் பயன்படும் சி57பிளாக்6என் என்னும் எலிக் குடியிலேயே 'ஆர்டி8' எனப்படும் பிறழ்வு மறைந்திருப்பதையும், அது தானாகவே இத்தகைய மடிப்புகளை உண்டாக்குவதையும் தேசியக் கண் நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் எடுத்துக்காட்டினர். தாம் படைத்த நோய் என்று கருதியது விலைக்கு வாங்கிய எலியோடு வந்த நோயாக இருக்கலாம் என்ற அறிவு பலரைத் தம் பழைய முடிவுகளை மீண்டும் சோதிக்க வைத்தது. அச்சோதனை சிறிதளவு திசுவில் செய்து முடிக்கக்கூடிய எளிய சோதனைதான். எனினும், ஒவ்வோர் ஆய்வாளரும் தாமாக நினைவுகூர்ந்து செய்ய வேண்டும் என்றால் சிலர் மறப்பர். விலங்கு வளர்ப்பு அலகில் நுழையும் ஒவ்வொரு குடிக்கும் அது விதியாக இருந்தால் ஒருவரும் மறக்க இயலாது.

இவ்வலகுகள் அனைத்தும் சேர்ந்தால் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதற்கு 'ஆர்பிஇ65' மரபணுச் சிகிச்சை சான்று. ஒளி உணர் நிறமியைப் புதுப்பிக்கும் நொதியொன்றை ஆக்கும் இம்மரபணு பழுதுபட்டால், குழந்தைப் பருவத்திலேயே பார்வை மங்கத் தொடங்கி நாளடைவில் அணைந்துபோகிறது. இதே குறையுடன் பிறந்த பிரியார்டு இன நாய்களின் விழித்திரைக்கு அடியில், தீங்கற்ற வைரஸ் ஒன்றின் துணையால் நல்ல மரபணுவைச் செலுத்தியபோது அவை பார்வை பெற்றதை, பென்சில்வேனியா, கார்னெல், ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் 2001இல் அறிவித்தனர். ஒளி பட்டவுடன் விழித்திரை எழுப்பும் மின்னலையைப் பதிவு செய்யும் மின்விழித்திரை வரைபடம், சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ நேர்கோடாகக் கிடந்து, பின்னர் அலையாக எழுந்தது. ஜீன் பென்னெட், ஆல்பர்ட் மெக்வயர் ஆகியோரின் குழு ஃபிலடெல்ஃபியாவில் 2007இல் மனிதரிடம் ஆய்வைத் தொடங்கியது. 2017 டிசம்பரில் 'லக்ஸ்டர்னா' என்ற பெயரில் அச்சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. விலங்கு மருத்துவரும் வைரஸ் வினைஞரும் மின்னலை அளப்பவரும் திசு சீவுபவரும் அறுவை மருத்துவரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு நம்பிக்கையோடு மாற்றித் தந்ததன் விளைவே அது. எந்தத் தனியறையிலும் முளைத்து முடிந்திருக்கக்கூடிய ஆய்வன்று.

பங்கீட்டின் ஒழுங்கு

பொதுவில் ஒன்றை வைத்தல் எளிது. பொதுவில் வைத்ததை ஒழுங்காகப் பங்கிடுதல் அரிது. ஏரிப் பாசனத்தைக் கண்ட தமிழ்ச் சமூகத்துக்கு இது புதிய செய்தியன்று. ஏரியில் நீர் நிறைந்திருப்பதால் மட்டும் கடைமடை விளைந்துவிடுவதில்லை. முறைப்பாசனம் இருக்க வேண்டும். மடையைத் திறந்து மூடும் நீர்கட்டியின் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தூர் வாரும் குடிமராமத்து இருக்க வேண்டும். பொது ஆய்வுக்கூடத்துக்கும் இம்மூன்றுமே உயிர்நிலை.

முறைப்பாசனத்தைப் போன்றது முன்பதிவு ஒழுங்கு. பெரிய நல்கை உடையவரே நுண்ணோக்கியை நாள் முழுதும் பிடித்துக்கொண்டால், இன்னும் நல்கை பெறாத இளம் ஆய்வாளர் தம் முதல் சான்றைத் திரட்டவே வழியில்லாமல் போகும். முதல் சான்று இல்லாதவருக்கு நல்கையும் கிடைப்பதில்லை. ஆகவே, புதியவருக்கென்று நேரம் ஒதுக்கிவைப்பது கருணையின்பாற்பட்ட செயல் என்பதைவிட, நாளைய ஆராய்ச்சிக்கு இன்று இடும் விதை என்பதே பொருந்தும். நீர்கட்டியைப் போன்றவர் அலகின் பொறுப்பாளர். அவசரம் என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது எது உண்மையில் அவசரம் என்று பிரித்தறியும் நடுவுநிலைமை அவருக்கு வேண்டும். தூர் வாருதல் என்பது பராமரிப்பு. லேசரைச் சீரமைத்தல், கத்தியை மாற்றுதல், பழைய நிரலைப் புதுக் கணினிக்கு ஏற்றபடி திருத்துதல் ஆகிய இவை எந்தக் கட்டுரையிலும் சாதனையாக இடம்பெறா. செய்யாமல் விட்டால் மட்டுமே கண்ணில் படும்.

இவ்வமைப்பில் தீராத குறை ஒன்றும் உண்டு. மைய நல்கையும் காலவரையறைக்கு உட்பட்டதே. புதுப்பிப்பு விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை, இருபதாண்டு அனுபவமுள்ள திசுவியல் வல்லுநரும் தம் வேலை நிலைக்குமா என்று காத்திருக்க நேரலாம். பேராசிரியருக்கு நிரந்தரப் பதவி உண்டு, மாணவருக்குப் பட்டம் உண்டு. அலகுப் பணியாளரின் உயர்வுக்குரிய ஏணி பல இடங்களில் தெளிவாக அமைக்கப்படவில்லை. அவருடைய உழைப்பு அறிவுப் பங்களிப்பாக இருக்கும்போதும் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் சேர்வது உறுதியில்லை. கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும் பல்கலைக்கழகம், அக்கருவியை இயக்கும் கைக்கும் அத்தகைய பாதுகாப்பை எழுதித்தர முன்வர வேண்டும். அந்தக் கை ஓய்வுபெறுமுன் அடுத்த கையைப் பழக்குவதற்கான இரண்டு மூன்று ஆண்டுக் கூட்டுப்பணிக் காலத்தையும் நிதித் திட்டத்திலேயே சேர்த்தல் வேண்டும். கத்தியின் ஒலியைக் கேட்டே வில்லை நெருங்குவதை உணரும் அறிவை எழுதி வைக்க முடியாது. அருகில் நின்று பழகியே அதனைப் பெற முடியும்.

நிறைவுரை

பொது ஆய்வுக்கூடத்தின் இயல்பு அறக்கட்டளை என்பதன் பொருளோடு ஒத்தது. ஒருவர் தாம் ஈட்டியதை ஒரு நாள் விருந்தில் செலவிட்டுவிடாமல், முதலைக் காத்து அதன் பயனைத் தமக்கு அறிமுகமில்லாதவர்க்கும் ஆண்டுதோறும் சேரச் செய்வதே அறக்கட்டளை. பொது ஆய்வுக்கூடத்தில் காக்கப்படும் முதல் என்பது கைத்திறன். அதன் பயன் ஒவ்வொரு புதிய வினாவுக்கும் புதிதாகக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கருவிகளை வாங்கும் திட்டங்களோடு கண் ஆராய்ச்சிக் கூடங்களை அமைக்க முனையும் எந்தப் பல்கலைக்கழகமும், விலைப்பட்டியலின் முதல் வரியில் கருவியின் பெயரை எழுதுமுன், அதனை இருபதாண்டுகள் பேணப்போகும் பணியாளரின் இடத்தை எழுதிவைப்பது நன்று.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் மாணவர் நன்றியுரையின் எண்ணைக் கடந்துபோகாமல் ஒரு கணம் நின்று, கட்டுரையின் இரண்டாவது படத்தை மீண்டும் திருப்பிப் பார்க்கலாம். பார்வை நரம்பின் ஊடாக நேராகச் செல்லும் வெட்டு, கசங்காத விழித்திரை, நொறுங்காத வில்லை, எண்ணக்கூடிய பத்து வரிசை உட்கருக்கள். அப்படத்தில் கிழிசல் ஏதும் இல்லாதிருப்பதே, அதனைச் சீவிய கையின் கையொப்பம்.